ரசமும் தண்ணீர்தான்

செந்தூல்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள சுகுமாறனுக்கு,

கபிரியேல் எழுதுகிறேன். நான் சாகவில்லை. விஷமும் குடிக்கவில்லை. என் மாமனார் கிள்ளானிலிருந்து உனக்குப் போன் போட்டு, எடை குறைக்கச் செய்த வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு வாழப் பிடிக்காமல் நான் விஷம் குடித்ததாகச் சொன்னாராம். அதை நம்பி கூச்சிங்கில் நீ செய்துகொள்ளவிருந்த அதே ஆபரேஷனை ரத்து செய்துவிட்டாய் என்று உன் மனைவி, தங்கச்சி அமுதவள்ளி போனில் அழுதாள். என் போனையும் நீ எடுப்பதில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன், முழுக்கப் படி.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஐந்து மாதத்தில் முப்பத்தொரு கிலோ குறைந்தேன். இன்சுலின் ஊசி நின்றது. டிரைவிங் ஸ்கூல் காரில் இப்போது எனக்கும் பெல்ட் எட்டுகிறது. முன்பெல்லாம் பழக வருகிறவர்களை மட்டும் போடச் சொல்லிவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

பசி பெரிய கஷ்டமில்லை, தாகம்தான். சாப்பிடும்போது ஒரு சொட்டு தண்ணீர் கூடாது. முன்னும் பின்னும் அரைமணி நேரம் கூடாது. நானோ ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மிடறு தண்ணீர் குடித்து வளர்ந்தவன். என் வீட்டுக்காரி குளோரியா மேசையில் இருந்த கூஜாவை ஒளித்துவிட்டாள். மீன் தொட்டிக்கும் எனக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

போன செவ்வாய்க்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வேலை. மத்தியானம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கைப்பிடி சோறு, ஒரு துண்டு மீன். அத்தோடு எழுந்திருக்கலாம். பரிமாறும் ராஜன் அண்ணன் ரசத்தோடு வந்து நின்றார். நான் மனசுக்குள் சட்டம் பேசினேன்: தண்ணீர்தானே கூடாது? ரசம் சோற்றுக்குச் சொந்தம், ஆகவே சாப்பாடு. அவரும், "ரசம் மருந்து லா தம்பி" என்றார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

கை கழுவி வருவதற்குள் நெஞ்சை அடைத்தது. சட்டை நனைய வேர்த்தது, கண் இருண்டது. போகிற நேரம் வந்துவிட்டது என்றே நினைத்து, "அண்ணே, ஃபாதருக்குப் போன் போடுங்க" என்றேன். நான் சொன்னது பங்குச் சாமியாரை. அண்ணன் என் போனில் தேடி 'ஃபாதர் இன் லா' என்றிருந்த எண்ணை அழுத்திவிட்டார். பாவசங்கீர்த்தனம் செய்ய வாய் திறந்தால், ஸ்பீக்கரில் மாமனார். "ரசம் குடிச்சிட்டேன் மாமா" என்றேன். அவர் காதுதான் உனக்குத் தெரியுமே. "ஐயோ, மாப்பிள்ளை விஷம் குடிச்சிட்டாரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் கடையில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். பாவம் ராஜன் அண்ணன், தன் ரசத்தைத் தானே ஒரு வாய் குடித்துக் காட்டினார்.

எல்லாம் வாந்தியில் வெளியே போனதும் அரைமணி நேரத்தில் சரியாகிவிட்டது. குளோரியா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே உணவு ஆலோசகர் ரமணி, என் மகள் வயசுதான், என்னை நிற்கவைத்துத் திட்டினாள்: "அங்கிள், உங்க வயிறு இப்ப வாழைப்பழ சைஸ்தான். சோத்தையும் ரசத்தையும் ஒண்ணா தள்ளினா எங்க போகும்? ரசமும் தண்ணிதான் லா."

எல்ஆர்டி ரயிலில் குளோரியா என் மணிக்கட்டைப் பிடித்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்துதான் கேட்டாள்: "ஆபரேஷன் அன்னிக்கு வெளியில உக்காந்து மூணு மணி நேரம் ஜெபமாலை சொன்னேனே, இந்த ரசத்துக்கா?" அன்றிலிருந்து அவளும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காதே என்று நான் சொல்லவில்லை.

ஆக, தப்பு டாக்டருடையதும் இல்லை, ஆபரேஷனுடையதும் இல்லை. என் நாக்குடையது.

சுகு, போன தீபாவளிக்கு நீ இங்கே வந்தபோது ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்கப் பாதியில் நின்று போன் பார்த்தாய். நானும் பக்கத்தில் நின்றேன். உன் போன் அணைந்திருந்தது. அதைக் கவனித்தேன், கேட்கவில்லை. அன்றே கேட்டிருக்க வேண்டும்.

டாக்டரிடம் தேதியைத் திரும்ப வாங்கு. எந்த நாளானாலும் நானும் குளோரியாவும் விமானம் ஏறி வந்துவிடுகிறோம். நீ கும்பிடும் முருகனும் நான் கும்பிடும் மாதாவும் உன் பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் வரத் தாமதமானாலும் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் முப்பது வருஷம் உன்னோடு சண்டை போட ஆசைப்படும்,
கபிரியேல்