பச்சை விளக்கு

ஏனுங்க,

போனை எடுக்க மாட்டேனென்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கோழிப்பண்ணை வேலை நடக்கிறது.

நெஞ்சில் ஒட்டிக்கொள்ள நீங்கள் கண்டுபிடித்த கருவி இப்போது அத்தையிடம் இருக்கிறது. பச்சை விளக்கு மின்னினால் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று அத்தைக்கு எளிதாகச் சொல்லிவைத்தீர்கள். மாமாவுக்கு நெஞ்சு வலித்த அன்றும் அது மின்னியது. அத்தை வண்டி கூப்பிடவில்லை.

"நாந்தான் சரியா ஒட்டலியாட்ட இருக்குது சாமி. பையன் செஞ்சது தப்பாகுமா?" என்கிறார்.

அது பேட்டரியில் சார்ஜ் இருப்பதை மட்டும் காட்டும் விளக்கு என்று, மாமாவின் காரியம் முடிந்து கிளம்பும்போதுகூட நீங்கள் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது தன் நெஞ்சில் அழுத்தி ஒட்டியிருக்கிறார். சில நாட்களாக மூச்சு வாங்குகிறது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் விளக்கைக் காட்டுகிறார்.

நான் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் வந்து அதை அணையுங்கள்.

உங்கள் மனைவி