கோட்டுக்குள் வைத்த குடுவைகள்

பிஷ்கெக்,
3 பிப்ரவரி 1998

மாண்புமிகு துணை இயக்குநர் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைக் கேட்கவே வேண்டாம். பத்திரிகையில் படம் பார்த்தேன், கன்னம் உப்பியிருக்கிறது. நம் கட்டுரையும் வந்திருக்கிறது. 'நம்' என்று எழுதியது பழக்கதோஷம். தேடித் தேடிப் பார்த்தேன், என் பெயர் எங்கும் இல்லை. குடுவை கழுவும் பெண்ணுக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். கட்டிய மனைவிக்கு அதுகூட அதிகம் போலும்.

அது போகட்டும். மலைவேர்ச் சாறு பட்டால் புற்றுச் செல் நோயைப் பரப்பும் தன் புரதத்தை வெளியே விடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி அல்மாட்டி ஆஸ்பத்திரியில் பழைய மருந்தை நிறுத்திவிட்டுச் சாற்றைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்களாமே! நான் மறுபடி செய்து பார்த்தேன். சாறு விட்ட செல்லும் விடாத செல்லும் ஒரே மாதிரிதான் புரதத்தைக் கொட்டுகின்றன.

ஆகவே ஒரு கேள்வி. அன்று சோதனையின் நடுவில் கரண்ட் போனதும், நம் ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுபோல, சாறு விடாத குடுவைகளைக் கோட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டில் காப்பாற்றினேன். சாறு விட்டவை உங்கள் பொறுப்பு. அவற்றை எங்கே வைத்தீர்கள்?

அசில்கான்


அல்மாட்டி,
11 பிப்ரவரி

அசில்,

கடிதம் கிடைத்தது. இன்னும் அதே புளிப்பு. பெயர், பெயர் என்று எத்தனை நாள் மூக்கைச் சிந்துவாய்? சாற்றை ஊற்றியது உன் கை, யோசித்தது என் தலை. கைகளுக்கெல்லாம் பெயர் போட ஆரம்பித்தால் தாள் போதாது.

குடுவையாம், பெரிய குடுவை! அன்று இயக்குநரின் பேரனுக்குத் தொட்டில் விருந்து. "வா, ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டேன். நீதான் "செல்லு செத்துடும், நீங்க போங்க" என்று அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டாய். நான் என்னுடையதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனேன். பெஷ்பர்மாக் சாப்பிட்டேன், நாலு பெரிய மனிதர்களோடு பேசினேன். இந்தப் பதவிக்கு வழி பிறந்தது அங்கேதான். திரும்பி வந்து பார்த்தால் ஒரு செல்கூடச் சாகவில்லை. பிழைக்கத் தெரிந்தவன் இப்படித்தான்.

விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இழுத்தடிக்காதே.

மெதெர்பெக்


பிஷ்கெக்,
19 பிப்ரவரி

துணை இயக்குநரே,

மேஜைமேல்! உண்மையைச் சொன்னதற்கு நன்றி. தெரியாமல் சொன்னாலும் உண்மை உண்மைதான்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், விருந்துகளில் மறந்திருப்பீர்கள். செல்லுக்குள் ரைபோசோம் புரதத்தைக் கோக்கும். அடுத்த அறையில் அது மடிந்து உருவம் பெறும். பிறகு கோல்கி என்ற கிடங்குக்குப் போய்ச் சீராகி, போக வேண்டிய இடத்தின் அடையாளத்தை வாங்கிக்கொண்டு, சின்னச் சின்னப் பைகளில் ஏறி வெளியேறும். பைகள் கிளம்பச் சூடு வேண்டும். இருபது டிகிரிக்கு இறங்கினால் செல் சாகாது, புரதம் மட்டும் கோல்கியிலேயே நின்றுவிடும். சாறும் வேண்டாம், வேரும் வேண்டாம். ஹீட்டர் நின்றுபோன நம் அறை போதும். நீங்கள் கண்டுபிடித்தது பிஷ்கெக்கின் குளிரை!

யார் என்று சொல்லாமல் இதை வகுப்பில் கேள்வியாகக் கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், "ஐயோ மேடம், அந்தாளு தெர்மாமீட்டரக்கூடவா பாக்கல?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் மானம் போயிற்று. அந்தாளோடு குடும்பம் நடத்தியவள் ஆயிற்றே.

ஆஸ்பத்திரிக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அங்கே படுத்திருப்பவர்கள் மனிதர்கள்.

அசில்கான்


அல்மாட்டி,
26 பிப்ரவரி

என் அன்பு அசிலுக்கு,

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனதில் வைக்காதே. விஷயம் மந்திரி வரைக்கும் போய்விட்டது. இப்போது தவறு என்றால் என் தலைதான் உருளும். அந்த நோயாளிகள் எப்படியும் பிழைக்கப் போவதில்லை, உனக்கும் தெரியும். வந்துவிடு. இங்கே இரண்டு அறை வீடு, குளிர்காலம் முழுக்கச் சுடுதண்ணீர் வருகிறது. அடுத்த கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். விவாகரத்துத் தாளைக் கிழித்துப் போடு. யாரிடமும் வாயைத் திறக்காதே.

உன் மெதெர்பெக்


பிஷ்கெக்,
6 மார்ச்

மெதெர்பெக்,

'வந்துவிடு' என்று ஒரு வார்த்தை எழுத மாட்டீர்களா என்றுதான் இத்தனை நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தேன். எழுதிவிட்டீர்கள். 'எப்படியும் பிழைக்கப் போவதில்லை' என்ற வரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் அருவருப்பாக இருந்தது. இந்த ஆளுக்காகவா ஏங்கினோம் என்று என்மேலேயே கோபம் வந்தது. தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நேற்று பஸ் ஏறி அல்மாட்டி வந்தேன், உங்களைப் பார்க்க அல்ல. வார்டு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போதே சாற்றை நிறுத்தினார். பழைய மருந்தைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். பலருக்கு நோய் முற்றியிருக்கிறது.

கிளம்பும்போது ஒரின்பாய் என்ற பெரியவர் படுக்கையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, சாறு கொண்டாந்த அந்த டாக்டரு என் கையப் பிடிச்சுக்கிட்டு, நல்லாயிடும்னு சத்தியம் பண்ணாரே. பாட்டிலு தீந்துபோச்சு, அவர எப்பம்மா அனுப்புவீங்க?" என்றார்.

போர்வையை இழுத்துவிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்கு இனி எழுத வேண்டாம்.

அசில்கான்