ஷேரா ஆற்றின் பழைய தடமும் மழலையர் பள்ளிக்கான மனையும்

அனுப்புநர்
குன்வோர் லியா,
லியா பண்ணை, ஷேரா பள்ளத்தாக்கு.

பெறுநர்
திட்ட அலுவலர் அவர்கள்,
ஊராட்சி அலுவலகம், ஷேரா.

பொருள்: மழலையர் பள்ளியின் மனையை நேர்ஹூஸ் கீழ்வயலிலிருந்து மேட்டு நிலத்துக்கு மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு என் பணிவான வணக்கம். ஆட்சேபம் தெரிவிக்கத் தாங்கள் விதித்த மே 16ஆம் நாளைக் கடந்து இம்மனு வருவதற்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகிறேன். சோம்பலால் நேர்ந்த தாமதம் அன்று. மலைப்பனி உருகும் வரை என் சான்று வெளிப்படாது என்பதால் நேர்ந்தது.

1. பள்ளி வேண்டாம் என்பவள் அல்லள் நான். இப்பள்ளத்தாக்கில் பத்தொன்பது மழலையர் உள்ளனர். பள்ளி இல்லையேல் பெற்றோர் அவர்களுடன் நகரத்துக்குப் போய்விடுவர். கட்டடம் எழ வேண்டும். ஆற்றின்மேல் எழ வேண்டாம்.

2. கீழ்வயலின் நடுவிலுள்ள கல் அடித்தளத்தைத் தங்கள் வரைபடம் 'பழைய கொட்டகை' என்கிறது. அது படகுக் கொட்டில். அதன் ஒரு பக்கத்தில் சுவரே கிடையாது. கல் பாவிய தரை அப்பக்கமாகச் சரிந்து வெறும் புல்லில் முடிகிறது. இன்றைய ஆறு அங்கிருந்து நானூறு அடி மேற்கே ஓடுகிறது. கிழக்குப் பண்ணையார் அவ்விடத்தில் படகேறித் தேவாலயம் சென்றதை 1742ஆம் ஆண்டுப் பதிவேடு கூறுகிறது. மறு ஆண்டு வெள்ளத்தில் ஆறு இடம் மாறியது. பண்ணை எல்லை மாறவில்லை. மேற்குக் கரையிலுள்ள எங்கள் பண்ணைக்குக் கிழக்குக் கரையில் ஒரு துண்டு நிலம் இருப்பதும், அதன் வேலி வில்போல் வளைந்து செல்வதும் அதனால்தான்.

3. இதை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைத்தபோது, வயலின் உரிமையாளர் எய்லர்ட் நேர்ஹூஸ், "ஏன் குன்வோர், இனிமே என் உருளைக்கிழங்கத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்கணுமா?" என்றார். கூட்டமே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை; நானும் சிரித்தேன்.

4. மே 24 அன்று, நான்கு நாள் வெயிலுக்குப் பின் ஆறு பெருகியது. கரை எங்கும் உடையவில்லை. ஆயினும் கீழ்வயலில், வேலியை ஒட்டி, அதே வில்வளைவில் நீர் மண்ணுக்கடியிலிருந்து ஊறி எழுந்தது. எய்லர்ட்டின் டிராக்டர் அச்சுவரை புதைந்தது. புதைந்த இடம், குழந்தைகள் உறங்கும் அறைக்கெனத் தாங்கள் அடித்த முளைகளின் நடுவே. அவர் அதன் மேலிருந்தபடியே, "சிரிச்சது போதும், உன் குதிரையக் கொண்டா!" என்றார். கொண்டு சென்றேன். அதற்குமுன் எடுத்த நான்கு நிழற்படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

5. அன்று மாலை அவர் தாமாகவே என் வீடு தேடி வந்து, கீழ்வயலுக்கு ஈடாகத் தம் மேட்டு நிலத்தைத் தருவதாகக் கூறினார். பனியாறு விட்டுச் சென்ற சரளை மேடு அது. எவ்வெள்ளமும் அதில் ஏறியதில்லை. இருண்ட மாதங்கள் கழிந்து பிப்ரவரியில் முதல் வெயில் இறங்குவதும் அங்கேதான்.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து ஈரிடத்தும் குழி தோண்டிப் பார்த்து, மனையை மாற்றி ஆணையிடுமாறு வேண்டுகிறேன். முளைகளைப் பிடுங்கி மேட்டில் நடும் வேலையை நானும் எய்லர்ட்டும் செய்து தருவோம். அவரும் கீழே கையொப்பமிட்டுள்ளார்.

மேட்டில் நட வேண்டிய விதைக்கிழங்கு சாக்கிலேயே முளைவிட்டுக் காத்திருக்கிறது. நடுவதா வேண்டாமா என்று எய்லர்ட் நாள்தோறும் கேட்கிறார். அன்புகூர்ந்து விரைவில் பதில் எழுதுங்கள்.

இடம்: ஷேரா
நாள்: 28 மே 1988

இப்படிக்கு,
குன்வோர் லியா
எய்லர்ட் நேர்ஹூஸ்