இரண்டு சம்மதமும் ஒரு தூதனும்

என் அன்புக்குரிய அத்தான்,

ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் முடிவொன்று எட்டப்பட்டதை முதலில் உங்களுக்கு அறியத் தருகிறேன். உங்கள் நாடகத்தில் அரசன் உட்காரும் கதிரை, பிரதம மந்திரியின் கதிரையைவிட மூன்று அங்குலம் உயரமாக இருக்கும். இரண்டரை மணி நேரம் விவாதித்து, தேநீர் குடித்து, மீண்டும் கூடி, நாடகக் குழு இதை ஏகமனதாக நிறைவேற்றியது. பென்ரோஸில் நான் வேலை செய்யும் சரக்குக் களஞ்சியத்திலிருந்து பலகைத் துண்டுகள் கொண்டுவந்து கதிரைக் கால்களின் கீழே ஆணி அடித்தவன் நான்தான். அடுத்த ஒத்திகைக்குப் பிரதம மந்திரி நான்கு அங்குலத் தலையணையோடு வந்தார்.

நீங்கள் கண்ணை மூடிப் பதினொரு மாதமாகிறது. மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கிடந்த உங்கள் பிரதியை எடுத்துத் தந்தபோது அக்கா ஒன்றுதான் கேட்டார். "நான் பேர்த்துக்கு மகளோட இருக்கப் போக முதல் இதை ஒருக்கா மேடையில பாக்கவேணும். அவர் எனக்கே வாசிச்சுக் காட்டேல்லை." ஞாயிறு காலை விமானம். முந்தின நாள், சனிக்கிழமை மாலை, எங்கள் பகுதியான ஒனிஹங்காவில் மண்டபம் கேட்டிருந்தோம். அதைவிட்டால் வேறு நாள் இல்லை.

இந்தக் கடிதம் எங்கள் தமிழ்ச் சங்க மலரில் வரப்போவதால், மற்றவர்களுக்காக உங்கள் கதையை உங்களுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாகப் போர். எதிரி நாட்டிலிருந்து தூதன் வருகிறான். துறைமுகத்தை இரு நாட்டுக்கும் பொதுவாக்குங்கள், கைதிகளைத் திருப்பித் தருகிறோம் என்கிறான். அரசனுக்குச் சம்மதம். ஆனால் சமாதானம் செய்த பெயர் மந்திரிக்குப் போய்விடுமோ என்று பயம். மந்திரிக்கும் சம்மதம். ஆனால் துறைமுகத்தைக் கொடுத்த பழியை அரசன் தன் தலையில் போடுவானோ என்று பயம். இருவரும் ஆளுக்கொரு கடிதத்தை இரகசியமாகத் தூதனிடம் கொடுக்கிறார்கள். இரண்டிலும் சம்மதம் என்று எழுதியிருக்கிறது. மற்றவன் சொல்வதை நம்பாதே என்பதும் இரண்டிலும் இருக்கிறது. எதிரி இரண்டையும் வாசித்துவிட்டு, இந்த நாட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை என்று போரைத் தொடர்கிறான்.

இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. ஊரில் போர்க்காலத்தில், பேச்சுவார்த்தை நடக்கிறதாம் என்று நாங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாட்களில், தலைநகரத்தில் ஆட்சியில் இருந்த பெரியவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று சொன்னவர் நீங்கள். ஒருவரும் நம்பவில்லை. நீங்கள் வாதாடவில்லை. குண்டு தாங்கவெனப் பதுங்குகுழிக்கு மேலே புதிதாகப் பனங்குற்றி அடுக்கினீர்கள்.

நம் குழுவில் நடிப்பைப் பார்த்து வேடம் கொடுக்கும் வழக்கம் இல்லை. பதவியைப் பார்த்துத்தான் கொடுப்போம். தலைவர் அருளப்பர் அண்ணை, ஒனிஹங்காவில் பல் வைத்தியர், ஆகவே அரசன். செயலாளர் கார்த்திகேயன், கோயம்புத்தூர்க்காரர், நகர மையத்தில் கணினி வேலை, ஆகவே பிரதம மந்திரி. எனக்குப் பதவி ஒன்றும் இல்லை, ஆகவே தூதன். மூன்றே வரி.

மண்டபத்துச் சாவியை வாங்கிப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரைப் புதன்கிழமைக்குள் அனுப்பும்படி மண்டபத்தில் கேட்டிருந்தார்கள். ஒருவர்.

செவ்வாய்க்கிழமை அருளப்பர் அண்ணை என்னைக் கூப்பிட்டுப் பல் பார்க்கும் கதிரையிலேயே இருத்தினார். "தம்பி, சாவி அந்தச் செயலாளரின்ர கையில போனா, நாடகமே தான் போட்டதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவார். நான் என்ர பேரைக் குடுத்திட்டன். அவர் ஏதும் எழுதினா கணக்கெடுக்க வேண்டாமெண்டும் எழுதிட்டன். ஆரிட்டையும் வாயைத் திறக்காதையும்." பிறகு, "இப்ப திறவும்" என்று கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தார்.

அன்று மாலையே கார்த்திகேயன் நகர மையத்தில் எனக்குக் காப்பி வாங்கித் தந்தார்.

"அண்ணே, டாக்டர் சாவிய வாங்கி, அங்க ஏதாவது உடைஞ்சுச்சுன்னா பழி யாரு மேல? செகரெட்டரி மேல. அதான் நானே என் பேரைக் கொடுத்துட்டேன். அவர்கிட்டருந்து மெயில் வந்தா கண்டுக்காதீங்கன்னும் சொல்லிட்டேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

"சனிக்கிழமை எண்டுதானே எழுதினீங்கள்?"

"ஆமா, சனிக்கிழமைதான். அதுல என்ன சந்தேகம் உங்களுக்கு?"

எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இருவரும் ஒரே நாளைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவரிடமும் சொல்வதில்லை என்று இருவருக்கும் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஏதாவது ஒரு வாக்கை உடைத்திருந்தால் போதும். எதை உடைப்பது நாகரிகம் என்று யோசித்ததில் புதன்கிழமை போய்விட்டது.

வியாழக்கிழமை மண்டபத்துப் பொறுப்பாளர் அழைத்தார். வயதான வெள்ளைக்காரப் பெண். உங்கள் நினைவுப் பிரார்த்தனைக்கு அங்கே இடம் எடுத்ததால் என் எண் அவரிடம் இருந்தது. மிகவும் மரியாதையாகக் கதைத்தார். ஒரே குழுவிலிருந்து இரண்டு பேர், மற்றவரை நம்பாதே என்று எழுதினால், சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். அந்த நேரத்துக்கு ஒரு யுகுலேலே வாத்திய வகுப்பும் காத்திருந்ததாம். அவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம். நான் கெஞ்சினேன். அவர்கள் ஏற்கனவே நன்றி சொல்லி எழுதிவிட்டார்கள் என்றார், ஒரே ஒரு கடிதத்தில்.

வெள்ளிக்கிழமை இருவரையும் அக்காவின் சமையலறைக்குக் கூட்டிவந்தேன். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே விசாரித்தார்.

"டொக்டர், நீங்கள் சனிக்கிழமை எண்டு எழுதினனீங்களோ?"

"ஓம் தங்கச்சி."

"கார்த்தி, நீங்களும் சனிக்கிழமையோ?"

"ஆமாக்கா."

"அப்ப என்னத்துக்குச் சண்டை பிடிச்சனீங்கள்?"

இதை விசாரிக்க ஓர் உபகுழு அமைக்கலாம் என்றார் அருளப்பர் அண்ணை. அதற்கு யார் தலைவர் என்று கேட்டார் கார்த்திகேயன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முதலே தெரியுமோடா?"

"ஓம்" என்றேன். அக்கா தேத்தண்ணிக் கேத்திலைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பெட்டி அடுக்கத் தொடங்கினார்.

எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம். அதைவிட உங்கள் மேல் கோபம், அத்தான். இரண்டு கடிதத்தையும் கையில் வைத்திருக்கிற தூதனுக்கு ஏன் மூன்று வரியோடு நிறுத்தினீர்கள்? வந்தேன், வாங்கினேன், போகிறேன் என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா? நீங்கள் பனங்குற்றி அடுக்கிய நாளில் நாங்கள் யாரும் கேட்கவில்லையே.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கிடைத்திருக்கிறது. நாடகம் நடக்கும். உங்கள் எழுத்தில் ஒரு சொல்லையும் எவரும் தொடமாட்டார்கள். சாவியை நான் வாங்குவேன். வாங்குகிறேன் என்று இருவரையும் ஒரே அறையில் வைத்துச் சொல்லிவிட்டு வாங்குவேன். இந்த வாக்கை உடைக்க மாட்டேன்.

அக்கா ஞாயிறு காலை ஆறே முக்கால் விமானத்தில் பேர்த்துக்குப் போய்விட்டார்.

உங்கள் மச்சான்,
அன்ரன்
ஒனிஹங்கா