கண்காட்சியில் இருக்கும் எச்சில் குப்பியும் கேட்பாரற்ற குழியில் இருக்கும் என் மாப்பிள்ளையும்

அனுப்புநர்:
தொ. ஜேசுபாதம் (வயது 54),
சங்கு குளிப்பு வள்ளத்தில் கயிறு பிடிப்பவர்,
வடக்குக் கடற்கரை,
தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்,
தூத்துக்குடி.

பொருள்: கடலில் தவறிய என் தங்கை கணவர் விக்டர் மிராந்தா – பக்கத்து மாவட்டத்தில் கேட்பாரற்ற பிணமாகப் புதைக்கப்பட்டவர் அவர்தானா எனச் சோதிக்க – அரசுக் கண்காட்சியில் உள்ள அவருடைய எச்சில் குப்பியை ஒப்படைக்க – வேண்டுதல்.

பார்வை: என்னுடைய முந்தைய மனுக்கள் ஆறு. பதில் வந்தது: ஒன்றுமில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பதால், பழைய ஆறு மனுவும் தங்கள் கண்ணில் பட்டிருக்காது என்று நல்லெண்ணத்தோடு நம்பி, முதலிலிருந்து எழுதுகிறேன்.

1. சங்கு குளிப்பவர் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் இருப்பவர் கையில் இருக்கும். அவர் குளிப்பவரின் மச்சினனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம். கூடப்பிறந்தவன் பங்காளி, அவன் கை ஒரு நேரம் தளர்ந்தாலும் தளரும். ஆனால் தன் தங்கை தாலியறுத்து நிற்பதைப் பார்க்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்பது பெரியவர்கள் கணக்கு. என் தங்கை ஜெப்ஸியை விக்டருக்குக் கட்டிக் கொடுத்த மறுவாரத்திலிருந்து பத்தொன்பது வருடம் அவர் கயிறு என் கையில் இருந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. விக்டர் தாய் தகப்பனுக்கு ஒரே மகன். பெற்றவர்களும் இப்போது இல்லை.

2. அமெரிக்காவில் மேரிலாந்து பக்கம் ரூத் கால்டர் என்றொரு அம்மையார் இருக்கிறார். ஓய்வு பெற்ற நூலகர். அந்த நாட்டில் முதன்முதலாகக் குடியேறிய தம் வம்சத்து மூதாதை ஆங்கிலேயர் என்றுதான் அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்களாம். தம்பியின் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தால், தகப்பன் வழிக் குறி தென்னிந்தியா என்று வந்துவிட்டது. அம்மையார் விடவில்லை. பழைய நீதிமன்றக் கட்டுகளைக் கிளறி 1694ஆம் வருடத்துத் தாள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ‘முத்துக் குளிக்கும் தூத்துக்குடிக் கரையில் பிறந்த பீட்டர் மிராந்தா’ என்று அதில் இருக்கிறது. கப்பலில் கொண்டுபோய் ஒரு புகையிலைத் தோட்டத்துக்குக் கொத்தடிமையாக விட்டிருக்கிறார்கள். அவர் ஊரையும் பேரையும் வைத்துக்கொண்டு அம்மையார் எங்கள் பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதினார்.

3. உடனே ஊரில் மிராந்தா என்று பேர் உள்ள பெரிய வீட்டைத் தேடினார்கள். கிருபாநிதி மிராந்தா அண்ணாச்சிக்கு இரண்டு கப்பல் ஏஜென்சியும் ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. சோதனை முடிவு வருமுன்னே, ‘அமெரிக்க உறவை வரவேற்கிறோம்’ என்று தம் படத்தோடு பேனர் அடித்துவிட்டார். இந்தக் கரையில் பிறந்தவர்கள் செய்யக்கூடாத தப்பு இது. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்கு வரிசையில் நின்றவர்களுக்கு யார் ஞானத்தகப்பனாக நின்றாரோ அவர் பேரே எல்லாருக்கும். ஒரே நாளில் நாற்பது குடும்பம் மிராந்தா ஆகியிருக்கும். பேர் ஒன்றானால் இரத்தம் ஒன்றாகிவிடாது. பதினோரு மிராந்தாக்கள் எச்சில் கொடுக்கிறோம் என்று வரிசையாக நின்றார்கள். அண்ணாச்சியுடையது ஒட்டவே இல்லை. ஒட்டியது ஒரே ஆளுக்கு. பங்குத்தந்தை சொல்லைத் தட்ட முடியாமல் கடைசியாக வந்து துப்பிவிட்டுப் போன விக்டருக்கு.

4. தபாலில் தொலைந்தாலும் தொலையும் என்று அம்மையார் ஆளுக்கு இரண்டு குப்பி அனுப்பியிருந்தார். ஒன்று அமெரிக்கா போனது. மற்றதை மூடி, முத்திரைத் தாள் ஒட்டி, அதன்மேல் விக்டர் தேதியோடு கையெழுத்திட்டார். பங்குத்தந்தை சாட்சிக் கையெழுத்திட்டார். இதைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும்.

5. 2024 நவம்பரில் அம்மையார் நேரில் வந்தார். அரசு விழா நடந்தது. பேனரில் படம் மாறியது. பொன்னாடை போர்த்தினார்கள். ‘முந்நூற்று முப்பது ஆண்டு கழித்து இரத்தம் இரத்தத்தைத் தேடி வந்தது’ என்று மேடையில் ஓர் அதிகாரி கண் கலங்கினார். அம்மையார் மட்டும் மேடையில் விக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் ஊறித் தடித்த அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றுலா விழாவுக்கென்று அமைத்த கண்காட்சிக் கூடத்தில் வைக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். ஜெப்ஸி அந்த இரண்டாவது குப்பியைக் கொடுத்தாள். இன்றும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு இருக்கிறது. முந்தாநாள்கூடப் பார்த்துவிட்டு வந்தேன்.

6. 11.02.2025 செவ்வாய்க்கிழமை காலை. வான்தீவுக்குக் கிழக்கே எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம், தண்ணீர். விக்டர் மூன்றாவது தடவை இறங்கினார். நீவாடு என்னும் கடல் நீரோட்டம் திடீரென்று திரும்பியது. கயிறு ஒரு தடவை வெட்டி இழுத்தது. அது ‘தூக்கு’ என்பதற்கு எங்கள் அடையாளம். நான் தூக்கினேன். கனமாக வந்த கயிறு பாதியில் இலேசாகிவிட்டது. கடலடிப் பாறையான பார்க்கல்லில் உராய்ந்து அறுந்திருக்கிறது. நானும் குதித்தேன், வள்ளத்தில் இருந்த எல்லாரும் குதித்தார்கள். சாயங்காலம் வரை தேடினோம். ஐயா, இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

7. ஒன்பது நாள் கழித்துப் பக்கத்து மாவட்டத்துக் கரையில் ஓர் ஆண் பிணம் ஒதுங்கியது. மூன்று நாள் வைத்திருந்து, யாரும் வரவில்லை என்று புதைத்துவிட்டார்கள். நாங்கள் காணவில்லை என்று கொடுத்த புகார் இங்கேயும் பிணம் அங்கேயுமாக, இரண்டு மாவட்டக் காகிதமும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. ஏப்ரலில் அந்தக் கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்த ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஓடினோம். அங்கே காவல் நிலையத்தில் குறிப்பேட்டை வாசித்துக் காட்டினார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் அறுந்த நைலான் கயிறு இரண்டு முழம், முடிச்சுடன். கழுத்தில் ஒன்றுமில்லை. ‘வடநாட்டுத் தொழிலாளியாக இருக்கலாம்.’

8. எங்களை மறுத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களை மரியாதையோடு எடுத்து வைக்கிறேன்.

முதல் காரணம்: விக்டர் வேதக்காரர், கழுத்தில் சிலுவையோ மாதா படம் தைத்த உத்தரியமோ இருந்திருக்கும், பிணத்தில் இல்லை, ஆகவே அது அவரில்லை. ஐயா, தண்ணீரில் இறங்குகிற எவனும் கழுத்தில் எதையும் போட்டுக்கொண்டு இறங்கமாட்டான். பாரில் மாட்டினால் கதை முடிந்தது. கழற்றிக் கயிறு பிடிப்பவன் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் குதிப்பான். அவருடைய உத்தரியம் அன்றிலிருந்து என் கழுத்தில் கிடக்கிறது. கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் கரையோரக் காவல் நிலையத்துக்குத் தெரியவில்லை.

இரண்டாம் காரணம்: அந்த முடிச்சை நான் போட்டேன், பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றேன். முடிச்சு சாட்சியம் ஆகாது என்றார்கள்.

மூன்றாம் காரணம்: மரபணுச் சோதனைக்கு இரத்த உறவு வேண்டுமாம். அவர் சீப்பையும் பல் தேய்க்கும் பிரஷையும் ஜெப்ஸி ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். இது அவருடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பிறகு அங்கிருந்த அலுவலர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: “நீரு மச்சினன்தானவே. உமக்கும் அவருக்கும் என்ன ரத்தம்? அந்த அமெரிக்கா அம்மா வந்து கையெழுத்துப் போட்டா வேணும்னா பாக்கலாம்.”

பத்தொன்பது வருடம் அவர் மூச்சைக் கையில் பிடித்திருந்தவன் அந்நியன். முந்நூற்று முப்பது வருடத்துக்கு அப்பால் இருப்பவர் சொந்தம்.

9. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை இது. அவர் எச்சில் அரசாங்கத்திடமே இருக்கிறது. மூடி முத்திரையிட்டு, அவர் கையெழுத்தும் சாமியார் சாட்சியும் போட்டு இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆதாரம் யார் தர முடியும்? கண்காட்சிக் கூடக் காவலர் வெள்ளத்துரையிடம் கேட்டேன். நல்ல மனுஷன். “அண்ணாச்சி, கண்ணாடிக்குள்ள போயிட்டா அது சர்க்காரு சொத்து. எங்கிட்ட தொறவுகோல்தான் இருக்கு, உத்தரவு இல்ல” என்றார். உத்தரவு யாரிடம் இருக்கிறது என்று ஆறு மனு போட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டுகிறது.

ரூத் அம்மையார் சும்மா இருக்கவில்லை. தம்பியின் மாதிரியையும் சோதனைத் தாள்களையும் தரத் தயார் என்று மூன்று கடிதம் எழுதிவிட்டார். பீட்டர் மிராந்தாவின் அந்தப் பழைய தாள் என்ன என்றும் விளக்கமாக எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு மனுதானாம். ‘என் கெடு முடிந்தது, எஜமானர் விட மறுக்கிறார், என்னை விடுவிக்க உத்தரவிட வேண்டும்’ என்று எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல் போட்டுக் கொடுத்திருக்கிறார். வெள்ளைக்காரன் நீதிமன்றம், கொத்தடிமை மனு. மூன்றே மாதத்தில் உத்தரவு வந்திருக்கிறது. அதே வம்சத்தில் இந்தக் கரையிலிருந்த கடைசி ஆளுக்காக நான் எழுதத் தொடங்கி ஒன்பது மாதம் ஆகிறது. இது சுதந்திர நாடு.

10. போன கல்லறைத் திருநாளன்று ஊரெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றியது. ஜெப்ஸி திரியை எந்தக் குழியில் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்றைக்கும் அவள் தாலியைக் கழற்றவில்லை. ஊரில் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்.

ஆகவே ஐயா, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து குப்பியைச் சோதனைக்கு அனுப்பவும், பக்கத்து மாவட்ட அதிகாரிகளோடு பேசிக் குழியைத் தோண்டி ஒப்பிட்டுப் பார்க்கவும், அவர்தான் என்றால் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரவும் உத்தரவிட வேண்டும். அவரில்லை என்று வந்தால் அதையும் எழுத்தில் தரவும். நான் மறுபடி கடலைப் பார்ப்பேன். விழாவோ பொன்னாடையோ எங்களுக்கு வேண்டாம். அவர் ‘தூக்கு’ என்று கேட்டார். நான் இன்னும் தூக்கி முடிக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்
தொ. ஜேசுபாதம் (ஒப்பம்)

இடம்: தூத்துக்குடி
நாள்: 19.01.2026

இணைப்பு:
1. முந்தைய மனுக்களின் நகல்.
2. ரூத் கால்டர் அம்மையாரின் கடிதங்கள்.
3. பீட்டர் மிராந்தா 1694இல் கொடுத்த மனுவின் நகல்.
4. என் பக்கத்துக் கயிற்றின் அறுந்த நுனி, ஒரு பாகம் நீளம் வெட்டியது. அந்தப் பக்கத்து இரண்டு முழத்தோடு வைத்துப் பார்க்கவும். பார்த்தபின் இரண்டையும் என்னிடம் தரவும்.