பட்டாணியின் நீள முதுகு

செவ்வாய், இரவு.

தோழி வெளிநாடு போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற கோர்கி நாய் பட்டாணியை, நாளை வரப்போகும் கஞ்சிக்கோடு ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

"சாண் காலை வெச்சுக்கிட்டு இது என்னத்தைக் காக்கும்?"

மாடு ஓட்டுகிற இனம் என்றேன். முதுகு நீளம், உயரத்திலிருந்து குதிக்க விடக்கூடாது என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பா டிவியிலிருந்து திரும்பவில்லை.

இன்று சாயங்காலம் செவலை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு லாரிகள் போகும் சாலையை நோக்கி ஓடியது. பட்டாணி எங்களை முந்திப் பாய்ந்து அதன் பின்னங்காலை லேசாகக் கவ்வினான். மாடு உதைத்தபோது தரையோடு ஒட்டிப் படுத்தான். உதை தலைக்கு மேலே போயிற்று. அந்தக் கால்கள் ஏன் குட்டை என்று கண்ணாலேயே பார்த்துவிட்டேன்! மறித்து மறித்துத் தொழுவம்வரை ஓட்டிவந்தான்.

சாப்பிட்ட பிறகு பட்டாணி கட்டிலிலிருந்து குதிக்கப் பார்த்தான். அப்பா எழுந்து ஓடி, இரண்டு கையாலும் ஏந்தி இறக்கிவிட்டார்.

"கட்டில்ல ஏத்தாதே அம்மிணி. முதுகு நீளமுன்னு நீதான சொன்னே?"

"நாளைக்கு அவரு வந்தா என்னங்கப்பா சொல்றது?"

"வந்தா காப்பி குடிச்சுப்போட்டுப் போகட்டும்."