வேனின் இடது பக்கம்

பனச்சமூடு,
1-10-1997

அன்பு மகள் அஜிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ பரோடாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே மூன்று நாளாக மழை. ஈரத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் ஓரம் எழும்பிவிடும் என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, ஆயுத பூஜைக்கு முன்னால் வேண்டும் என்று ஆட்டோக்காரர்கள் கடை வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ அனுப்பிய தைலத்தைப் பாதி அவளும் பாதி நானும் தீர்த்துவிட்டோம், என் பாதி எதற்கு என்று பின்னால் தெரியும்.

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. என் பெயர்தான் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதே அப்பா, இனி என்னிடம் கேட்க என்ன இருக்கிறது, உங்கள் இஷ்டம்போல் செய்யுங்கள் என்று கல்யாணப் பேச்சுக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய், மற்றதெல்லாம் லேபில் வந்த புது மைக்ராஸ்கோப்பைப் பற்றி. அம்மா அதை வாசித்துவிட்டு, பிள்ளை சம்மதிச்சாச்சு, இனி நாளு பாக்க வேண்டியதாக்கும் என்று உடனே விளக்கேற்றினாள். நான் அதைக் கடைக்குக் கொண்டுபோய் நாலு தடவை வாசித்தேன். சின்ன வயதில் பிடிக்காத சட்டையைப் போட்டுவிட்டால் நீ அழமாட்டாய், கையை மட்டும் தூக்கிக் கொடுப்பாய். அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது. அது சம்மதம் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது மக்கா.

நடந்ததை அம்மா பெருமையாக எழுதியிருப்பாள், நான் நடந்தபடி எழுதுகிறேன். சித்திரை விஷுவுக்கு ஒரு வாரம் முன்னால் குன்னத்துகால் தாணுமாலயன் அண்ணன் புது டூரிஸ்ட் வேனைக் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் மகன் ஈஸ்வருக்கு உன்னைக் கேட்டிருந்த சமயம். ஓணம் வரை யோசிக்கிறேன் என்று நீ எழுதியிருந்தாய், அதை நான் அவரிடம் சொல்லியும் இருந்தேன். யோசிக்கதுன்னா பாதி சம்மதம் ஆச்சுல்லா, பேரை ஒட்டிப் போடும் ஓய் என்றார். இந்தப் பக்கத்தில் ஒரு வேனுக்கு ஒரு பெண்ணின் பெயர் வைத்தால் அவள் அந்த வீட்டுப் பெண் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா. ஆனால் ஒரு வண்டி முழுக்க ஸ்டிக்கர் செய்யும் வேலை முதல்தடவையாக என் கைக்கு வந்திருந்தது, அந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது. போதாததற்கு என் கடை இருக்கிற வாடகை முறி அவருடையது, கடையின் போர்டே அவர் சுவரில்தான் தொங்குகிறது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஸ்டிக்கர்தானே, பெயிண்ட் இல்லையே, வேண்டாம் என்றால் உரித்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டி வாங்கி வந்தேன், ஒவ்வொன்றும் இரண்டடி உயரம். தமிழ்நாட்டுப் பக்கமும் ஓடுகிற வண்டி என்பதால் இடது பக்கம் மலையாளத்தில், வலது பக்கம் தமிழில். தகரத்தின் ஒவ்வொரு ஆணித்தலையிலும் காற்று நின்று குமிழ் வந்தது, ஊசியால் குத்தி, ஹேர் டிரையரால் சூடாக்கி, விரலால் அமுக்கினோம். என்னோடு வேலை செய்கிற ராஜதாஸ் நடுவில், பிள்ளைகிட்ட கேட்டாச்சா அண்ணாச்சி என்று கேட்டான். சோப்புத் தண்ணியைத் தெளிடே என்று அவன் வாயை அடைத்தேன். இரண்டு பகல் வேலை. ஒரு குமிழ்கூட இல்லாமல் ஒட்டினேன் என்று அன்றைக்கு மார்தட்டிக்கொண்டேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு டிரிப் போகும்போதும் வரும்போதும் அந்த வண்டி கடை முன்னால்தான் திரும்புகிறது. என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் நிமிர்ந்தால் உன் பெயர். கடையை விட்டு ஓடவும் முடியாது, அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை தாணுமாலயன் அண்ணன் நாகர்கோவிலுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். நானும் ராஜதாஸும் காலையிலேயே குன்னத்துகாலுக்குப் போய், அவர் வீட்டு ஷெட்டில் நின்ற வேனில் ஸ்டிக்கரை உரிக்கக் கைவைத்தோம். ஈஸ்வர் வெளியே வந்து பார்த்தான். பிள்ளை இன்னும் சம்மதம் சொல்லல்ல மக்கா, நான் அவசரப்பட்டுப் போட்டேன் என்றேன். கேக்காம ஒட்டினது தப்பாக்கும் மாமா, எனக்கும் அப்பாகிட்ட சொல்லத் தைரியம் வரல்ல என்று சொல்லி, வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து டிரையருக்குக் கரண்ட் கொடுத்தான். அவனைப் பற்றி நீ நல்லதாக நினைக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை, நடந்தது இது.

ஆனால் ஆறு மாத வெயிலில் வெந்த ஸ்டிக்கர் மக்கா. தாளாக உரிந்து வரும் என்று நினைத்தால் நகத்தளவு நகத்தளவாகப் பிய்கிறது. சூடு அதிகமானால் பெயிண்ட் கிளம்புகிறது, குறைந்தால் பசை விடமாட்டேன் என்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுப் பசையைத் துடைத்துத் துடைத்து விரல்நுனி மரத்துப்போயிற்று, தைலம் அங்கேதான் தீர்ந்தது. மூன்று மணிக்குக் கரண்ட் போனது, நாலு மணிக்குத் திருச்செந்தூர் டிரிப்புக்கு டிரைவர் வந்து நின்றார். இடது பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. அதிலும் ஒரு வேதனை. சிவப்பு பெயிண்ட் சுற்றிலும் வெளுத்துவிட்டது, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது மட்டும் புதுசாகவே இருக்கிறது. எழுத்தெல்லாம் போன பிறகும் உன் பெயரை வாசிக்க முடிகிறது. மறுபடி பெயிண்ட் அடிக்காமல் அது போகாது என்று ராஜதாஸ் சொல்கிறான்.

தாணுமாலயன் அண்ணன் திங்கட்கிழமை கடைக்கு வந்தார். ஒரு பக்கம் பேரும் ஒரு பக்கம் மொட்டையுமா வண்டி ஓடினா நாட்டுக்காரன் என்னவோய் பேசுவான், பூஜைக்கு முன்ன திரும்ப ஒட்டும், இல்லேன்னா முறியை ஒழிஞ்சு தாரும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, சோறு மட்டும் வைக்கிறாள். இருபது வருடம் இருந்த முறி, வேறு இடம் இன்னும் பார்க்கவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்து நீ ஒரு முடிவும் எடுத்துவிடாதே. நான் மாட்டிக்கொண்டது என் கையால், நீயும் வந்து அதில் மாட்ட வேண்டாம்.

வெந்நீரில் குளி, தலையில் ஈரத்தோடு பஸ் ஏறாதே. அம்மா தனியாகக் கடிதம் எழுதினால் அதற்குப் பதிலாக எதையும் சம்மதித்துவிடாதே. உன் மனதில் இருப்பதை எனக்கு எழுது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்ற ஒரு சொல் போதும், காரணம் கேட்கமாட்டேன். முறி போனாலும் சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை வலது பக்கத்தையும் உரிக்கப் போகிறேன். உன் பதில் எப்போது வந்தாலும், அது சம்மதம் என்றே இருந்தாலும், முதலில் உரித்துவிட்டுத்தான் உன்னிடம் மறுபடி கேட்பேன்.

எல்லா நலமும் உனக்கு வர வேண்டும் என்ற ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
சிவானந்தம்